மாடு குறைகிறது, பீஃப் விலை ஏறுகிறது: ஃபீட்லாட்டில் பணம் போடலாமா?

கேள்வி: டெக்சாஸில் டாலஸ் பக்கம் குடும்பத்தோடு இருக்கிறேன். ஐடி வேலை, வயது 46. அவசரத்துக்கு ஒதுக்கியது போக 50,000 டாலர் கையில் இருக்கிறது. மகள் இன்னும் நான்கு வருடத்தில் காலேஜ் போவாள். என்னோடு வேலை பார்க்கும் அமெரிக்க நண்பரின் மாமனார் அமரில்லோ பக்கம் மாட்டுத் தொழிலில் இருப்பவர். இளம் மாடுகளை வாங்கி ஃபீட்லாட்டில் விட்டால், அவர்களே தீவனம் போட்டு ஆறேழு மாதத்தில் கொழுக்கவைத்து விற்றுத் தருவார்களாம். 30 சதவீதம் நாம் போட்டால் போதும், மீதிக்குக் கடன் கிடைக்குமாம். "நாட்டில் மாடே இல்லை, பீஃப் விலை இறங்க வழியே இல்லை" என்கிறார். வரிச் சலுகையும் உண்டாம். நாங்கள் வீட்டில் பீஃப் சாப்பிடுவதில்லை, அது வேறு விஷயம். இதில் இறங்கலாமா சார்? இல்லை, இறைச்சி ஆலைகள் நடத்தும் டைசன் நிறுவனத்தின் பங்கு, பின்னால் வரும் தேதிக்கு இன்றே விலை பேசும் ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தம் இப்படி ஏதாவது நல்லதா?

பதில்: இறங்க வேண்டாம். அந்தப் பெரியவர் சொல்லும் தகவல் உண்மைதான். அதிலிருந்து அவர் வந்து சேரும் முடிவுதான் தப்பு. மாடு குறைந்தால் விலை ஏறும், சரி. அந்த ஏற்றம் யார் கைக்குப் போகிறது என்பதுதான் உங்கள் 50,000 டாலருக்கான கேள்வி.

அமெரிக்க வேளாண் துறை ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதி நிலவரப்படியும் நாட்டில் உள்ள மாடுகளைக் கணக்கிடுகிறது. 2025 ஜனவரியில் 8.67 கோடி. 1951-க்குப் பிறகு அதுவரை அவ்வளவு குறைந்ததே இல்லை. 1975-இல் இது 13 கோடியைத் தாண்டியிருந்தது. இறைச்சிக்காகக் கன்று ஈனும் பசுக்களை மட்டும் எடுத்தால் 2.79 கோடிதான். 2020-க்குப் பிறகு மேய்ச்சல் நிலங்களில் வறட்சி. புல் இல்லை, வாங்கிப் போடும் தீவனமும் கட்டுப்படியாகவில்லை, பண்ணைக்காரர்கள் கன்று ஈனும் பசுக்களையே அறுப்புக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதே துறை மாதாமாதம் இன்னொரு எண்ணும் வெளியிடுகிறது. ஆயிரம் மாடும் அதற்கு மேலும் கொள்ளும் ஃபீட்லாட்களில் இன்று எத்தனை மாடு நிற்கிறது என்ற கணக்கு அது. வேடிக்கை என்னவென்றால், நாட்டின் மொத்த மாடு ஆண்டுக்கு ஆண்டு சரிந்தபோதும் இந்த எண் 1.1 கோடிக்கும் 1.2 கோடிக்கும் நடுவிலேயே வெகுகாலம் நின்றது. இதைப் பார்த்துவிட்டு "தட்டுப்பாடு எங்கே இருக்கிறது?" என்று கேட்டவர்கள் உண்டு. காரணம் இதுதான்: அடுத்த தலைமுறைக்கு ஈன வேண்டிய கிடாரிகளையும் பண்ணைக்காரர்கள் ஃபீட்லாட்டுக்கு விற்றார்கள். அங்கே நிற்பவற்றில் பத்துக்கு நாலு கிடாரி என்கிற அளவுக்குப் போனது. அதோடு, மக்காச்சோளம் மலிவாகக் கிடைத்ததால் ஒவ்வொரு மாட்டையும் கூடுதல் நாள் வைத்துத் தீனி போட்டார்கள். அதே மாடு அதிக நாள் நின்றால், எண்ணும்போது அதிகமாகத்தான் தெரியும். அதனால்தான் தலைக்கணக்கு குறைந்தும் 2024-இல் பீஃப் உற்பத்தி முந்தைய வருடத்தைப் போலவே 2,700 கோடி பவுண்டை ஒட்டி இருந்தது. ஒவ்வொரு மாடும் கனத்துவிட்டது.

இந்தக் கிடாரி விஷயத்தில்தான் உங்கள் முதலீட்டின் தலைவிதி இருக்கிறது. மழை பெய்து, விலையும் நன்றாக இருந்து, பண்ணைக்காரர்கள் கிடாரிகளை விற்காமல் நிறுத்திக்கொள்ள ஆரம்பித்தால் என்ன ஆகும்? ஃபீட்லாட்டுக்கு வரும் மாடு உடனே இன்னும் குறையும். நிறுத்திய கிடாரி சினைப்பட ஏழெட்டு மாதம், ஈன ஒன்பது மாதம், அதன் கன்று பால் மறக்க ஆறேழு மாதம், பிறகு மேய்ச்சல், பிறகு ஃபீட்லாட். கூடுதல் பீஃப் கடைக்கு வர ஏறக்குறைய மூன்று வருடம். இதற்கிடையில் ஃபீட்லாட்டில் தொட்டி காலியாகக் கிடக்கும், கடன் வட்டி மட்டும் ஓடும். காலி இடத்தை நிரப்ப ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டு இளம் மாட்டின் விலையை ஏற்றிக்கொள்வார்கள். வெளியிலிருந்து உங்களைப் போன்றவர்களின் பணத்தைத் தேடுவதும் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான்.

அமரில்லோ பக்கத்துக்கு இன்னொரு அடியும் உண்டு. மெக்சிகோவிலிருந்து வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் இளம் மாடுகள் எல்லை தாண்டி வந்துகொண்டிருந்தன. டெக்சாஸ் ஃபீட்லாட்கள் அதை நம்பியே இருந்தன. ஸ்க்ரூவார்ம் என்ற ஈ, உயிருள்ள மாட்டின் புண்ணில் முட்டையிட, அதிலிருந்து வரும் புழு சதையைத் தின்னும். அந்த ஈ மெக்சிகோவில் வடக்கே நகர்ந்து வந்ததால் 2024 நவம்பரில் எல்லையை மூடினார்கள். 2025 பிப்ரவரியில் திறந்து, மே மாதம் மறுபடி மூடினார்கள். ஜூலையில் அரிசோனா வழியாகத் திறந்த வாசல் இரண்டே நாளில் அடைக்கப்பட்டது. நெப்ராஸ்காவில் இருப்பவருக்கு இல்லாத தலைவலி இது.

இப்போது யார் கைக்கு என்ற கேள்விக்கு வருவோம். ஃபீட்லாட்டில் மாடு வைத்திருப்பவர் நம் ஊரில் நெல் வாங்கி அரைத்து விற்கும் அரிசி ஆலைக்காரர் மாதிரி. அரிசி விலை ஏறிவிட்டது என்பதால் மட்டும் அவருக்கு லாபம் வராது. நெல் என்ன விலைக்கு வாங்கினார் என்பதுதான் பேச்சு. தட்டுப்பாட்டின் லாபம் பசுவையும் புல்லையும் சொந்தமாக வைத்திருக்கும் பண்ணைக்காரருக்குப் போகிறது. நீங்கள் அவரிடம் காசு கொடுத்து வாங்கும் இடத்தில் நிற்கிறீர்கள்.

ஒரு மாட்டுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆனால் 2025-இல் பார்த்த விலைகளுக்குப் பக்கத்தில் இருப்பவை. 750 பவுண்டு இளம் மாடு, 100 பவுண்டுக்கு 350 டாலர் என்றால் 2,625 டாலர். அதை 1,500 பவுண்டாக்கத் தீவனமும் பராமரிப்பும் ஏற்றும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 1.15 டாலர் வீதம் 860 டாலர் ஆகும். 200 நாள் வட்டி சுமார் 130, நூற்றில் ஒன்று செத்துப்போகும் என்று வைத்து 30. ஆக மொத்தம் 3,645. அதாவது விற்கும்போது 100 பவுண்டுக்கு 243 டாலர் கிடைத்தால்தான் போட்டது வரும்.

உங்கள் பங்கு 30 சதவீதம் என்றால் 50,000 டாலருக்குள் சுமார் 60 மாடு வாங்கலாம். உங்கள் பணம் 47,250. விலை 255 போனால் 10,800 டாலர் லாபம், பிரமாதம். 230-க்கு இறங்கினால் 11,700 நஷ்டம், அதாவது போட்டதில் கால்வாசி. 215 என்றால் 25,200 போய்விடும், பாதிக்கு மேல். 243-லிருந்து 215 என்பது வெறும் 12 சதவீத இறக்கம்தான். கடன் வாங்கிச் செய்யும் வியாபாரத்தில் அந்த 12 உங்களுக்கு 53 ஆகிவிடுகிறது.

அவ்வளவு இறங்குமா என்றால், 2014-ஐப் பாருங்கள். அப்போதும் மாடு எண்ணிக்கை அறுபது வருடத்தில் காணாத பள்ளத்தில் இருந்தது. அப்போதும் "இறங்க வழியே இல்லை" என்றார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் 100 பவுண்டுக்கு 240 டாலர் பக்கம் இருந்த இளம் மாட்டு ஃபியூச்சர்ஸ் 2016 அக்டோபரில் 120 பக்கம் வந்து நின்றது. உச்சத்தில் மாடு வாங்கி வளர்த்தவர்கள் 2015 முழுக்க ரத்தம் சிந்தினார்கள்.

டைசன் பங்கு பற்றி. மாட்டுத் தட்டுப்பாட்டை நம்பி இறைச்சி ஆலையின் பங்கை வாங்குவது, வடக்கே போக நினைத்துத் தெற்கே போகும் பஸ்ஸில் ஏறுவதுதான். டைசன், ஜேபிஎஸ், கார்கில், நேஷனல் பீஃப் ஆகிய நான்கும் ஃபீட்லாட்டில் கொழுத்த மாடுகளில் சுமார் 85 சதவீதத்தை அறுக்கின்றன. அவர்களுக்குக் கொழுத்த லாபம் வந்தது மாடு மலிந்து கிடந்து, ஆலை போதாமல் இருந்த காலத்தில். 2019 ஆகஸ்டில் கான்சாஸில் ஹோல்கம் என்ற ஊரில் டைசன் ஆலை தீப்பிடித்தது. இறைச்சி விலை ஏறியது, மாட்டின் விலையோ விழுந்தது. 2020 கொரோனாவிலும் இதே கதைதான். இப்போது நிலைமை தலைகீழ். ஆலை இருக்கிறது, மாடு இல்லை. டைசனின் பீஃப் பிரிவு 2025 நிதியாண்டில் 40 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் காட்டியது. அந்த நவம்பரில், நெப்ராஸ்காவின் லெக்சிங்டன் ஆலையை 2026 ஜனவரியில் மூடுவதாகவும், உங்கள் அமரில்லோ ஆலையை ஒரே ஷிஃப்டாகக் குறைப்பதாகவும் அறிவித்தது. லெக்சிங்டனில் மட்டும் மூவாயிரத்துக்கு மேல் வேலை. டைசனுக்குக் கோழி வியாபாரமும் உண்டு, அதனால் நிறுவனம் தாக்குப்பிடிக்கும். கோழிக்காக வாங்குகிறீர்கள் என்றால் அது வேறு பேச்சு. ஆனால் ஒன்றை யோசியுங்கள்: அமரில்லோவில் வாங்கும் ஆலை ஒரு ஷிஃப்டாகக் குறைந்தால், உங்கள் மாட்டுக்கு ஏலம் கேட்க ஒரு கை குறைகிறது.

ஃபியூச்சர்ஸ் வேண்டவே வேண்டாம். சிகாகோ சந்தையில் இளம் மாட்டு ஒப்பந்தம் ஒன்று 50,000 பவுண்டு. 100 பவுண்டுக்கு ஒரு டாலர் அசைந்தால் உங்களுக்கு 500 டாலர். 2025 அக்டோபர் நடுவில் விலை உச்சத்தில் இருந்தது. அர்ஜென்டினாவிலிருந்து பீஃப் இறக்குமதி செய்யலாம் என்று டிரம்ப் பேசினார், விலை பல நாள் மளமளவென்று சரிந்தது. அர்ஜென்டினாவிலிருந்து வரக்கூடிய அளவு அமெரிக்கச் சந்தைக்குப் பெரிதே இல்லை என்று எல்லோரும் எழுதினார்கள். எழுதியது சரிதான். நஷ்டத்தை ஈடுகட்ட உடனே இன்னும் பணம் கட்டு என்று மார்ஜின் கால் வந்தவருக்கு அதனால் என்ன பயன்?

வரிச் சலுகை என்பது பழைய ஞாபகம். 1960, 70-களில் டாக்டர்களும் நடிகர்களும் வரியைத் தள்ளிப்போட மாட்டில் பணம் போட்டார்கள். 1986 வரிச் சட்டத்துக்குப் பிறகு, நீங்கள் நேரடியாக ஈடுபடாத தொழிலின் நஷ்டத்தைச் சம்பள வருமானத்தில் கழிக்க முடியாது. டாலஸில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கும் உங்களை, மாட்டுத் தொழிலில் ஈடுபட்டவர் என்று ஒப்புக்கொள்ள வைப்பது கஷ்டம்.

கடைசியாக, சொல்லத் தயங்கும் விஷயம். நண்பரின் மாமனாரை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் மாட்டுத் தொழிலில் இல்லாத மாட்டுக்குப் பணம் வாங்குவது நடந்திருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் கோடி ஈஸ்டர்டே என்பவர் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மாடுகளை வளர்ப்பதாகக் கணக்கு எழுதி, டைசனிடமும் இன்னொரு நிறுவனத்திடமும் 24.4 கோடி டாலர் வாங்கினார். கணக்கில் எழுதிய அந்த மாடுகளில் ஒன்றுகூட உண்மையில் கிடையாது. ஃபியூச்சர்ஸில் விட்டதை ஈடுகட்டத்தான் அதைச் செய்தார். 2022-இல் 11 வருடச் சிறை. தொழிலிலேயே பழுத்த டைசனையே ஏமாற்ற முடிந்தது என்பதைக் கவனியுங்கள். உங்கள் ஊர்ப் பக்கமே, ஃபோர்ட் வொர்த்தில் அக்ரிடைம் என்ற நிறுவனம், "கன்றை நீங்கள் வாங்குங்கள், வளர்த்து லாபத்தோடு திருப்பித் தருகிறோம்" என்று ஆண்டுக்கு 15 சதவீதமும் அதற்கு மேலும் சொல்லிப் பணம் திரட்டியது. புதியவர்களின் பணத்தில் பழையவர்களுக்குக் கொடுத்ததாகப் பங்குச் சந்தை ஆணையம் 2023 டிசம்பரில் வழக்குப் போட்டது. 2,000-க்கு மேற்பட்ட முதலீட்டாளர்கள், 19 கோடி டாலருக்கு மேல்.

மகளின் காலேஜ் பணத்தை நான்கு வருடத்துக்கு அரசாங்கக் கடன் பத்திரத்திலும் வங்கி சிடியிலும் (நம் ஊர் ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி) முதிர்வுத் தேதி பார்த்துப் பிரித்துப் போடுங்கள். அந்தப் பணத்துக்கு அது போதும். இவ்வளவுக்குப் பிறகும் ஆசை விடவில்லை என்றால், 5,000 டாலருக்கு மேல் வேண்டாம், கடனும் வேண்டாம். சொந்தக் காசில் ஒரு மாடு போதும். அதற்கும் முன்னால் அவரிடம் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: மாட்டின் காது எண்ணோடு என் பெயரில் ரசீது வருமா, அதே மாட்டின் மேல் வேறு யாருக்காவது கடன் உரிமை இருக்கிறதா, போட்ட பணம் வர விற்பனை விலை எவ்வளவு வேண்டும், அதற்குக் கீழே போனால் காக்க அரசின் கால்நடை விலைக் காப்பீடு எடுக்கிறீர்களா, இதே ஃபீட்லாட்டில் 2015-இல் பணம் போட்ட வெளியாள் ஒருவரோடு நான் பேச முடியுமா. கடைசிக் கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்று எனக்கும் எழுதுங்கள்.