ஒரே பெயர், வேறு வேறு துப்பாக்கி

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 விளையாட்டின் ஸ்கின் பற்றியவை. புதிய வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: துப்பாக்கிக்கும் கத்திக்கும் மேலே போர்த்தும் வண்ண வேலைப்பாடுதான் ஸ்கின். 2013 ஆகஸ்டில், இதன் முந்தைய பதிப்பான கவுன்ட்டர் ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவுக்குள் வந்தது. ஸ்கின்னால் குறி கூர்மையாகாது, வேகம் ஏறாது, அழகு மட்டுமே. ஆனால் அதற்குக் கொடுக்கும் பணம் உண்மையான பணம். ஆகவே மிக்சியைப் பற்றியும் மெத்தையைப் பற்றியும் எழுதும் இதே இடத்தில் இதையும் எழுதுகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

நான் வாங்கிய ஸ்கின்னை வைத்து விளையாடினால் தேய்ந்துவிடுமா? பயத்தில் பூட்டியே வைத்திருக்கிறேன். (மதுரை)

தேயாது. பொருள் உருவாகும்போது அதற்கு விழுந்த தேய்மான எண் கடைசி வரை மாறாது. எடுத்து ஆடுங்கள்.

நானும் நண்பனும் ஒரே நாளில் ஏகே-47 துப்பாக்கிக்கான ரெட்லைன் ஸ்கின் வாங்கினோம். இரண்டுமே ஃபீல்ட் டெஸ்டட். அவனுடையது பளிச்சென்று இருக்கிறது; என்னுடையதில் சாம்பல் நிறக் கீறல்கள். நான் ஏமாற்றப்பட்டேனா? (திருச்சி)

சட்டப்படி பார்த்தால் இல்லை. ஆனால் உங்கள் வருத்தம் நியாயமானது. இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு ஸ்கின்னுக்கும் 0-லிருந்து 1 வரை ஓர் எண் உண்டு, ஃப்ளோட் என்பார்கள். எண் ஏற ஏறத் தேய்மானம் ஏறும். அந்த நீண்ட கோட்டை ஐந்தாக வெட்டிப் பெயர் வைத்திருக்கிறார்கள். 0.07 வரை ஃபேக்டரி நியூ, 0.15 வரை மினிமல் வேர், 0.38 வரை ஃபீல்ட் டெஸ்டட், 0.45 வரை வெல் வோர்ன், அதற்கு மேல் எல்லாமே பேட்டில் ஸ்கார்டு. துண்டுகள் ஐந்தும் ஒரே அளவு இல்லை என்பதைப் பாருங்கள். வெல் வோர்ன் வெறும் 0.07 அகலம். பேட்டில் ஸ்கார்டு கோட்டின் பாதிக்கு மேல். உங்கள் ஃபீல்ட் டெஸ்டட் 0.23 அகலம். நண்பருக்கு 0.16 கிடைத்திருக்கும், உங்களுக்கு 0.36. அவருடையது மினிமல் வேருக்கு அடுத்த வீடு, உங்களுடையது வெல் வோர்னுக்கு அடுத்த வீடு. இரண்டுக்கும் ஒரே பெயர்ப் பலகை.

எனக்கு நெடுநாளாக ஆறாத கோபம் இந்தப் பெயர்ப் பலகைகள் மீதுதான். மளிகைக் கடையில் ‘முதல் தரம்’ என்று எழுதிய துவரம் பருப்பை வாங்கி வந்து, பாதி உடைந்தும் பூச்சி அரித்தும் இருந்ததைத் திருப்பிக் கொண்டுபோய்க் காட்டியபோது, “எங்கள் கடையில் அதுதான் முதல் தரம்” என்றார்கள். தரத்துக்குப் பெயர் வைப்பவரே பொருளையும் விற்கும்போது, அந்தப் பெயரின் எல்லை எப்போதும் விற்பவருக்குத்தான் தாராளமாக இருக்கும். 0.071-ஐயும் 0.069-ஐயும் அருகருகே வைத்தால் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது; பெயர் மாறுவதால் விலை தாவுகிறது. 0.16-க்கும் 0.37-க்கும் நடுவே உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரிகிறது. பெயர் ஒன்று என்பதால் கவனக்குறைவாக வாங்குகிறவர் இரண்டுக்கும் ஒரே விலை கொடுக்கிறார்.

நானும் கொடுத்திருக்கிறேன். மூன்று மாதம் சேர்த்த பணத்தில் ஏடபிள்யூபி துப்பாக்கிக்கான அசிமோவ் ஸ்கின் ஒன்று வாங்கினேன். ஃபீல்ட் டெஸ்டட் என்ற சொல்லை மட்டும் படித்தேன், எண்ணைப் பார்க்கவில்லை. 0.37. விளையாட்டுக்குள் திறந்து பார்த்தபோது, மழைக்காலம் முடிந்த சுண்ணாம்புச் சுவர் போல வெள்ளைப் பூச்சு ஓரங்களில் உரிந்து கறுத்திருந்தது. ஒவ்வொரு முறை குறி பார்க்கும்போதும் அந்தக் கறுப்பு என் கண்ணுக்கு நேரே வந்து நின்றது. அன்றிலிருந்து எண்ணைப் பார்க்காமல் நான் எதையும் வாங்குவதில்லை. நீங்களும் வாங்காதீர்கள். இன்ஸ்பெக்ட் பொத்தானை அழுத்தினால் குறிப்பிட்ட அந்தப் பொருளையே திருப்பித் திருப்பிப் பார்க்கலாம், காசு கேட்க மாட்டார்கள்.

ஃபேக்டரி நியூ அசிமோவ் ஏடபிள்யூபி பாதி விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா? (ஈரோடு)

அப்படி ஒரு பொருளே கிடையாது. ஒவ்வொரு ஸ்கின்னுக்கும் தனிக் கீழ் எல்லை உண்டு. ஏடபிள்யூபி அசிமோவுக்கு அது 0.18. அந்த ஆளோடு பேசுவதை இன்றே நிறுத்துங்கள்.

ஏகே-47 கேஸ் ஹார்டன்ட் ஒன்று ‘புளூ ஜெம்’ என்று சொல்லி வழக்கமான விலையைப் போல நான்கு மடங்கு கேட்கிறார்கள். படமும் அனுப்பினார்கள், நீலமாகத்தான் இருக்கிறது. வாங்கலாமா? (சேலம்)

எத்தனை படம் அனுப்பினார்கள்? ஒன்றுதான் என்றால் வாங்காதீர்கள்.

கேஸ் ஹார்டனிங் என்பது நிஜத்தில் உள்ள பழைய கொல்லர் வேலை. எலும்புக் கரியும் மரக் கரியும் சூழ இரும்பைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தினால் மேற்பரப்பு இறுகி, நீலமும் பொன்னும் ஊதாவும் திட்டுத் திட்டாகப் படரும். அதைத்தான் இந்த ஸ்கின் காட்டுகிறது. ஆனால் எந்தத் திட்டு எங்கே விழும் என்பது பேட்டர்ன் எண்ணைப் பொறுத்தது. பெரிய சுங்குடித் துணி ஒன்றை விரித்து, தையற்காரர் ஆயிரம் ரவிக்கைத் துண்டுகளை ஒவ்வொன்றையும் ஓர் இடத்திலிருந்து ஒரு கோணத்தில் வெட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். துணி ஒன்றுதான், கத்தரி வைத்த இடம் வேறு. ஏறத்தாழ ஆயிரம் எண்களில் சிலவற்றில் மட்டும் நீலம் நிறைந்து விழுகிறது. ஏகே-47-இல் 661 என்ற எண்ணை உலகம் முழுக்கத் தேடுகிறார்கள்.

ஃப்ளோட் எண்ணும் பேட்டர்ன் எண்ணும் ஒன்றையொன்று தொடாதவை என்பதையும் மனத்தில் வையுங்கள். முன்னது தேய்மானம், பின்னது வடிவம். தேய்ந்த 661-உம் உண்டு, புத்தம் புதிய வெறும் மஞ்சளும் உண்டு. அந்த நபரிடம் பேட்டர்ன் எண்ணைக் கேளுங்கள். விளையாட்டுக்குள் நீங்களே திறந்து துப்பாக்கியைத் திருப்பி இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் கடல் நீலமாகவும் மறு பக்கம் முழுக்கப் பொன்னும் சாம்பலுமாகவும் இருக்கும் துப்பாக்கிகள் ஏராளம்; படம் எடுப்பவர் எந்தப் பக்கத்தை எடுப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு வெடிமருந்துக் கூட்டைப் பாருங்கள். அங்கே நீலம் எவ்வளவு வந்திருக்கிறது என்று தெரிந்த பிறகே கூடுதல் விலை பற்றிப் பேசுங்கள். ‘புளூ ஜெம்’ என்பது சேகரிப்பவர்கள் வைத்த செல்லப் பெயர். விளையாட்டை உருவாக்கிய வால்வ் நிறுவனம் அப்படி ஒரு முத்திரை குத்துவதில்லை. யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சொல்லுகிறார்கள்.

அசிமோவ் போன்ற சில ஸ்கின்களில் ஓவியம் எல்லாப் பிரதியிலும் ஒரே இடத்தில்தான் நிற்கும். அவற்றுக்கும் ‘அபூர்வப் பேட்டர்ன்’ என்று விலை ஏற்றுகிறார்கள். கொடுக்காதீர்கள்.

டாப்ளர் சஃபையர் என்று படம் காட்டினார்கள். பணம் கட்டினேன். வந்த கத்தியின் பெயரும் டாப்ளர்தான். ஆனால் நீலத்தின் நடுவே கறுப்பு ஓடுகிறது. கேட்டால் “டாப்ளர் கேட்டீர்கள், டாப்ளர் கொடுத்தோம்” என்கிறார்கள். இரண்டு நாளாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை. (நாகர்கோவில்)

தம்பி, இது உங்கள் தவறு அல்ல. நீங்கள் பெற்றது ஃபேஸ் 4 ஆக இருக்க வேண்டும். டாப்ளர் என்ற கத்தி ஸ்கின்னில் ஃபேஸ் 1 முதல் 4 வரை நான்கும், ரூபி, சஃபையர், பிளாக் பேர்ல் என்ற அபூர்வ வகைகளும் உண்டு. இத்தனைக்கும், வால்வ் நடத்தும் ஸ்டீம் தளத்தின் சந்தையில் காட்டும் பெயர் டாப்ளர் ஒன்றே. சஃபையரில் அலகு முழுக்க நீலம். ஃபேஸ் 4-இல் நீலத்தோடு கருமை. விலையிலோ பல மடங்கு வேறுபாடு. அந்தப் பெயரின் மறைவில் நின்றுதான் உங்களை அடித்திருக்கிறார்கள்.

உரையாடல், அவர்கள் அனுப்பிய படம், பணம் போன ரசீது, வந்த கத்தியின் இன்ஸ்பெக்ட் படம் ஆகிய நான்கையும் இன்றே சேமித்து வையுங்கள். நேரடியாகப் பணம் அனுப்பியிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். நேரம் போகப் போகப் பணத்தை நிறுத்தி வைப்பது கடினமாகும். வலைத்தளம் வழியாக வாங்கியிருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகாரைப் பதியுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள், நான் காத்திருப்பேன்.

நண்பன் தன் அணிக்கு ஓட்டுப் போடச் சொல்லி இணைப்பு அனுப்பினான். ஸ்டீம் கணக்கில் நுழைந்தேன். இரண்டு நாள் கழித்து நான் வேறொருவருக்கு அனுப்பிய பொருள் வேறு யாருக்கோ போய்விட்டது. (சென்னை)

நீங்கள் நுழைந்தது போலிப் பக்கம். நண்பரின் கணக்கும் முன்பே களவு போயிருக்கும். உங்கள் கணக்கில் ஏபிஐ சாவி (வேறு மென்பொருள் கணக்கை அணுக உதவும் குறியீடு) ஒன்றை உருவாக்கி, நீங்கள் அனுப்பிய பரிமாற்றத்தை ரத்து செய்து, அதே பெயரும் படமும் கொண்ட வேறு கணக்குக்கு இன்னொன்றை அனுப்பியிருக்கிறார்கள். கைபேசியில் ஒப்புதல் கேட்டபோது பெயரைப் பார்த்து அழுத்தியிருப்பீர்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள், எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள், அந்தச் சாவியை நீக்குங்கள். 2025 ஜூலையிலிருந்து, பரிமாற்றம் நடந்த ஏழு நாளுக்குள் திருப்பிக்கொள்ளும் வசதி இருக்கிறது. இதைப் படிக்கும் முன்பே செய்திருக்க வேண்டும் என்றுதான் உங்களுக்குத் தனியாகவும் பதில் அனுப்பினேன்.

துப்பாக்கியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்களின் விலையையும் விற்பவர் முழுதாகச் சேர்த்துக் கேட்கிறார். கொடுக்கலாமா? (கோலாலம்பூர்)

ஒட்டிய ஸ்டிக்கரைச் சுரண்டி அழிக்கலாம், உரித்து எடுத்து வேறு இடத்தில் விற்க முடியாது. முழு விலை கொடுக்காதீர்கள்.

நகைக்கடன் வாங்கிக் கத்திகளில் முதலீடு செய்தேன். 2025 அக்டோபரில் விலை சரிந்துவிட்டது. இழப்பீடு கேட்க வழி உண்டா? (கோவை)

இல்லை. கோவர்ட் என்ற உயர்ந்த அபூர்வத் தரத்தில் ஐந்து பொருள்களைக் கொடுத்துக் கத்தி பெறலாம் என்று அந்த மாதம் ஒரு புதுப்பிப்பு வந்தது. கத்தி அபூர்வம் என்பதால் நின்ற விலை உடனே இறங்கியது. ஸ்டீம் ஒப்பந்தப்படி உங்களிடம் இருப்பது உரிமம், சொத்து அல்ல. விதியை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். இதைப் படிக்காமல் வீட்டுப் பெண்களின் நகையை வைத்தீர்கள் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஸ்டீம் சந்தையில் விற்றால் உங்களுக்குச் சேரும் தொகையின் மீது 15 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள், அந்தப் பணமும் ஸ்டீம் பணப்பையிலேயே தங்கும், வங்கிக்கு வராது. நகையை மீட்கும் கணக்கை இதை வைத்துப் போடாதீர்கள். சம்பளத்திலிருந்து போடுங்கள்.

பதின்மூன்று வயது மகன் பெட்டி திறக்கச் சாவி வாங்கித் தரச் சொல்கிறான். ஒன்று இரண்டரை டாலர் அளவுதானாம். வாங்கித் தரலாமா? (திண்டுக்கல்)

வேண்டாம் அம்மா. சாவி வாங்கிப் பெட்டியைத் திறந்தால் என்ன பொருள் வரும் என்பது முழுக்க அதிர்ஷ்டம். சீனாவில் சட்டப்படி 2017-இல் வெளியிட்ட வாய்ப்புக் கணக்கில், கத்தி போன்ற சிறப்புப் பொருள் வருவது 0.26 சதவீதம், ஏறத்தாழ 385 பெட்டிக்கு ஒன்று. பத்தில் எட்டு முறை அந்தப் பெட்டியிலேயே மிகக் குறைந்த தரத்து ஸ்கின்தான் வரும். பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் சூதாட்டக் கண்காணிப்பு அமைப்புகள் 2018-இல் இது சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று சொன்ன பிறகு, அங்கே பெட்டி திறப்பதையே வால்வ் நிறுத்தியது. மகனுக்கு ஒரு ஸ்கின் மீது ஆசை என்றால் அதே பணத்துக்குச் சந்தையில் ஒன்றை அவனே தேர்ந்தெடுக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.