சம்பளம் நிற்க முதல் தென்னம்பிள்ளை நடுங்கள்

கேள்வி: எனக்கு 58 வயது. உருத்திரபுரத்தில் இருக்கிறோம். தனியார் கம்பனி ஒன்றின் கிளிநொச்சிக் களஞ்சியத்தில் 16 வருடமாகப் பொறுப்பாளராக வேலை செய்கிறேன். சம்பளம் 84,000 ரூபா. இன்னும் 2 வருடத்தில் ஓய்வு. அரசாங்க உத்தியோகத்தர் போல மாத ஓய்வூதியம் எனக்குக் கிடையாது. ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி), ஈ.ரி.எஃப். (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) இரண்டும் சேர்ந்து 39 இலட்சம் வரை வரலாம் என்கிறார்கள். போருக்கு முதல் வவுனியாவில் வேலை செய்த 6 வருடச் சேமலாப நிதிக் காசும் எங்கோ கிடக்கிறது. அந்த பி அட்டை (நிதியின் அங்கத்தவர் அட்டை) 2009இல் தொலைந்து போனது. மகன் உழவு இயந்திரம் எடுத்து வாடகைக்கு ஓடுவோம் என்கிறான். மைத்துனர் இரணைமடுக் குளத்தின் கீழ் 3 ஏக்கர் வயல் வாங்கச் சொல்கிறார். முக்கால் ஏக்கர் வளவும் நல்ல கிணறும் உண்டு. மாதம் 55,000 செலவாகிறது. நான் வீட்டில் சும்மா இருந்தால் வருத்தக்காரனாகிவிடுவேன் என்று மனைவி பயப்படுகிறா. என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள ஐயா, உங்கள் கையில் இன்னும் 24 சம்பளம் இருக்கிறது. எங்கள் பதில் முழுக்க அந்த 24 சம்பளத்தைப் பற்றியதுதான். வன்னியில் ஓய்வுக்காசு கரைவது பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் நடக்கிறது. வேலை முடிந்த கையோடு மொத்தக் காசு வருகிறது. அடுத்த மாதமே பழக்கமில்லாத தொழிலொன்றில் அது அப்படியே இறங்கிவிடுகிறது. எந்தத் தொழிலையும் பழகும்போது கொஞ்சம் நட்டம் வரும். அந்த நட்டத்தைச் சம்பளம் தாங்கும், சேமலாப நிதி தாங்காது. அதனால் பழகுவதை இப்போதே, சின்னதாகத் தொடங்குங்கள்.

முதலில் கடதாசி வேலை. வவுனியாக் காசு தொலையவில்லை. ஊழியர் சேமலாப நிதியின் காசு மத்திய வங்கியில் இருக்கிறது, பதிவுகளைத் தொழில் திணைக்களம் பார்க்கிறது. அடையாள அட்டை, பழைய கம்பனியின் பெயர், வேலை செய்த வருடங்கள், கையில் எஞ்சியிருக்கும் ஏதாவது சம்பளத் துண்டு அல்லது நியமனக் கடிதம் ஆகியவற்றோடு கிளிநொச்சித் தொழில் அலுவலகத்துக்குப் போய்ப் பழைய அங்கத்துவ இலக்கத்தைத் தேடச் சொல்லுங்கள். இழுபறி வருவது அநேகமாகப் பெயரால்தான். தகப்பன் பெயர் ஒரு இடத்தில் முதலெழுத்தாகவும் இன்னொரு இடத்தில் முழுப்பெயராகவும் இருக்கும். ஆங்கில எழுத்தில் ஒரு எழுத்துக் கூடியோ குறைந்தோ இருக்கும். இரண்டு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, பிறப்புச் சான்றிதழோடு கொடுத்துத் திருத்துங்கள். இப்போதைய கம்பனி மாதாமாதம் உங்கள் 8 வீதத்தையும் தன் 12 வீதத்தையும் ஒழுங்காகக் கட்டியிருக்கிறதா என்பதையும் அந்த அலைச்சலிலேயே பார்த்துவிடுங்கள். விடுபட்ட மாதங்களை வேலையில் இருக்கும்போது கேட்பது சுலபம். விலகிய பின், காசைக் கேட்கும் கே படிவத்தோடு ஓடித் திரிகிறவர்களுக்கு அது மாதக்கணக்கில் இழுபடுகிறது.

உங்கள் கடிதத்தில் பணிக்கொடையைக் காணவில்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தின் அரை மாதம் உரித்து. உங்கள் சம்பளத்தில் பாதி 42,000. 60 வயதில் 18 வருடம். ஆக 756,000 ரூபா. வேலை முடிந்து 30 நாளுக்குள் கம்பனி இதைக் கொடுக்க வேண்டும். 39 இலட்சத்தோடு இதையும் சேர்த்தால் ஏறக்குறைய 46 அரை இலட்சம்.

இந்தக் காசை எப்படிப் பிரிப்பது? மூன்றரை இலட்சம், அதாவது 6 மாதச் செலவுக்குச் சற்று மேல், சாதாரண சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்கும் செத்தவீட்டுக்கும் அதில் எடுக்கலாம். 30 இலட்சத்தை மூன்று வங்கிகளில் பத்துப் பத்தாக நிலையான வைப்பில் போடுங்கள். ஒரே வங்கியில் போட வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு, ஒரு நிறுவனத்தில், 11 இலட்சம் வரைதான். தேசிய சேமிப்பு வங்கி வைப்புகளுக்கு மட்டும் அரசாங்கம் முழு உத்தரவாதம் தருகிறது. இரண்டு வீதம் கூடத் தருகிறோம் என்று நிதிக் கம்பனிக்காரர் வீடு தேடி வருவார்கள். உங்கள் ஓய்வுத் திகதி அவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடும். அப்படிப்பட்ட கம்பனிகளின் உரிமத்தை மத்திய வங்கி ரத்துச் செய்தபோது, காப்புறுதித் தொகைக்கு மேல் வைப்பிட்டவர்கள் மிச்சக் காசுக்கு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள்.

வட்டியை 8 வீதம் என்று வைத்தால் 30 இலட்சத்துக்கு மாதம் 20,000. 2025 ஏப்ரல் தொடக்கம் வட்டியில் 10 வீதத்தை வரியாக வங்கி பிடித்துக்கொள்கிறது. வருட வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டவர் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். மாதம் 2,000 ரூபா விஷயம், மறக்காதீர்கள். மிச்சமான 13 இலட்சத்தில் 10 இலட்சத்தின் வட்டியைத் தொடாமல் முதலோடு சேர விடுங்கள். 2022 செப்ரெம்பரில் விலைவாசி ஒரு வருடத்தில் 70 வீதமளவு ஏறியதை நீங்கள் சந்தையில் நின்று பார்த்தவர். அந்தப் பத்து இலட்சம் அதற்காக. தொழிலுக்கு 3 இலட்சம், அதற்கு மேல் ஒரு சதமும் வேண்டாம்.

55,000இல் 20,000 வந்தால் இன்னும் 35,000 இடிக்கிறது. இதை மறைத்துப் பேசுவதில் பிரயோசனமில்லை. அதை மூன்று பக்கத்தால் அடைக்க வேண்டும்: மகனின் பங்கு, உங்கள் கைத்தொழில், வளவு.

மகனின் உழவு இயந்திரத்துக்கு எங்கள் பதில் வேண்டாம் என்பதே. காலபோக (மாரிமழை நெல்) உழவு முழுவதும் செப்ரெம்பர் தொடக்கம் நவெம்பருக்குள் முடிந்துவிடும். அந்த மூன்று மாதமும் ஊரில் உள்ள எல்லா இயந்திரமும் ஒன்றாய் வயலில் நிற்கும்; மிச்ச மாதங்களில் பெரும்பாலும் ஒன்றாய்க் கொட்டிலில் நிற்கும். லீசிங் தவணை பன்னிரண்டு மாதமும் வரும். உழுத கூலியும் நெல் விற்ற பிறகுதான் கைக்கு வரும். மகனுக்கு ஓட்டத் தெரியும் என்றால் ஒரு போகம் வேறொருவரின் இயந்திரத்தைச் சம்பளத்துக்கு ஓட்டி, டீசல், டயர், திருத்தச் செலவைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வரட்டும். அந்தக் கொப்பியை வைத்துப் பிறகு பேசலாம்.

வயலும் அப்படித்தான். இரணைமடுவின் கீழ் காலபோகம் பிரச்சினையில்லை. சிறுபோகத்துக்கு (கோடை நெல்லுக்கு)க் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, கூட்டத்தில்தான் பங்கைத் தீர்மானிப்பார்கள். 3 ஏக்கர் வாங்கியவருக்கு 3 ஏக்கரும் விதைக்கக் கிடைக்காது. மாசி, பங்குனியில் எல்லாரும் ஒரே கிழமையில் வெட்ட, விலை விழும். அரசாங்கத்துக்கு நெல் வாங்கும் நெல் சபை கேட்பது 14 வீத ஈரப்பதம், இயந்திரத்தில் வெட்டிய ஈரநெல்லைக் காயவிட இடம் வேண்டும். ஆசை இருந்தால் ஒரு ஏக்கரை ஒரு போகத்துக்குக் குத்தகைக்கு எடுத்துப் பாருங்கள்.

இனி வளவு. எங்களுக்கு மனம் நிறைந்த இடம் அதுதான். நல்ல கிணறு உள்ள முக்கால் ஏக்கர் வன்னியில் சின்னச் சொத்தல்ல. தென்னை 26 அடிக்கு 26 அடி இடைவெளியில் ஏக்கருக்கு 64 வரும். வீடு, கிணறு, கோழிக்கூடு போக உங்களுக்கு 25 பிள்ளை போதும். காய்க்க 6 வருடமாவது செல்லும். இந்த ஐப்பசியில் நட்டால் உங்கள் 64 வயதில் இளநீர். ஓய்வு பெற்ற பிறகு நட்டால் 66. ஆடி, ஆவணியில் மூன்றடி நீளம், அகலம், ஆழத்தில் கிடங்கு வெட்டி ஆற விடுங்கள். அடியில் பொச்சு மட்டையை உட்குழிவு மேலே பார்க்க இரண்டு அடுக்காகப் பரப்புங்கள். மழைத்தண்ணீரை அது குடித்து வைத்திருந்து கோடையில் வேருக்குக் கொடுக்கும். அதன் மேல் மேல்மண்ணும் உக்கிய எருவும். பிள்ளையின் தேங்காய் தரைமட்டத்துக்கு அரை அடி கீழே இருக்க வேண்டும். மேலே நட்டால் வேர் வெளியே வந்து மரம் ஆடும். தென்னம்பிள்ளை சாவது நட்ட மாரியில் அல்ல, அடுத்த ஆவணிக் கச்சான் காற்றில். மாசி தொடங்கி மழை வரும் வரை கிழமைக்கு இரண்டு தரம் பிள்ளைக்கு ஒரு பெரிய வாளி தண்ணீர், அடியில் மூடாக்கு. குருத்தில் காண்டாமிருக வண்டு துளைத்த ஓட்டையும், மண்ணில் கறையானும் தெரிகிறதா என்று காலையில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். குரும்பை பிடிக்கும் வயதில் குரங்கு வரும். அதனால் பிள்ளைகளை வீட்டுக்குக் கிட்ட வையுங்கள், காட்டுக்கரைப் பக்கம் வேண்டாம். இடையில் முருங்கை, தேசி, வாழை. கச்சான் (நிலக்கடலை) போட ஆசைப்பட்டால் விதைத்த முதல் கிழமை மயிலுக்குக் காவல் இருக்க ஆள் வேண்டும்.

கோழியை உங்கள் மனைவியின் பொறுப்பில் விடுங்கள். 20 பேடும் 2 சேவலும் கொண்ட ஊர்க்கோழிப் பட்டி. சந்தையில் வாங்கியதும் பட்டியோடு கலக்காமல் 14 நாள் புறம்பாக வையுங்கள். ராணிக்கெட் வருத்தம் பெரும்பாலும் அப்படித்தான் உள்ளே வருகிறது. பச்சையாய்க் கழியும், கழுத்துத் திருகும், ஒரு கிழமையில் கூடு காலி. கால்நடை வைத்திய அலுவலகத்தில் தடுப்பு மருந்து உண்டு, குஞ்சுக்கு முதல் கிழமையிலேயே கண்சொட்டு. கூட்டின் தளத்தைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்தி, அரை அங்குலக் கம்பிவலை அடியுங்கள். பெரிய கண் வலைக்குள் பாம்பு நுழையும், மரநாய் கைவிட்டு இழுக்கும். மூன்று பேட்டை ஒரே நாளில் பத்துப் பத்து முட்டையில் அடைவைத்தால் 21ஆம் நாள் குஞ்சுகள் ஒன்றாய்ப் பொரிக்கும், ஒன்றாய் வளர்க்கலாம். முதல் 4 கிழமையும் காகம், பிராந்து, மார்கழிக் குளிர் மூன்றிலிருந்தும் காக்க மூடிய கூடும் மின்குமிழும் தேவை. ஒரு ஊர்ப்பேடு வருடம் 60, 80 முட்டைதான் இடும். பெரிய காசு வராது. முட்டையும் தேங்காயும் சந்தையில் வாங்காமல் விடுவதே உங்கள் 55,000ஐக் குறைக்கும்.

உங்கள் கைத்தொழிலை நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். 16 வருடம் களஞ்சியம் பார்த்தவருக்கு இருப்பு எண்ணவும், பழையதை முதலில் வெளியே விடவும், ஈரச்சாக்கை முகர்ந்தே பிடிக்கவும் தெரியும். அரிசி ஆலை, விதைக்கடை, கமக்காரர் அமைப்பு எல்லாவற்றிலும் இருப்புக் கணக்கு குழம்பித்தான் கிடக்கிறது. கிழமைக்கு இரண்டு, மூன்று நாள், மாதம் 20,000க்குப் பேசுங்கள். கேட்பதை இப்போதே கேளுங்கள். வேலையில் இருக்கும் களஞ்சியப் பொறுப்பாளருக்கு இருக்கும் மதிப்பு, வீட்டில் ஒரு வருடம் இருந்தவருக்குக் குறைந்துவிடும். மாசியில் உழுந்தும் கௌபியும் வீட்டுக்கு இரண்டு மூட்டை வாங்கி வையுங்கள். பல்லில் வைத்தால் டக்கென்று உடையும் வரை காயவிட்டு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் பீப்பாயில் அடைத்தால் வண்டு விழாது. முதல் வருடம் வீட்டுத் தேவைக்கு மட்டும். விற்பதை அடுத்த வருடம் யோசிக்கலாம்.

வைப்புகளை மனைவியின் பெயரையும் சேர்த்து, இருவரில் எவரும் எடுக்கலாம் என்ற முறையில் போடுங்கள். சேமலாப நிதியில் யார் பெயரைப் பின்னுரித்தாளராகக் கொடுத்திருக்கிறீர்கள் என்று இந்தக் கிழமையே பாருங்கள்; கலியாணத்துக்கு முதல் கொடுத்த பெயர் மாறாமல் கிடப்பது அடிக்கடி நடக்கிறது.