பர்ஸைத் திறக்கும் முன் டிரம் சாவியைத் திருப்புங்கள்

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன் ஐந்து டிரம் கொண்ட கிட் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். கடையில் வாசித்துப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் மாட்டிய நாளிலிருந்து டாம் எனும் நடுத்தர டிரம்கள் எல்லாம் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போலக் கேட்கின்றன. "மரம் மட்டம், மேப்பிள் வாங்கியிருக்கணும்" என்கிறார் உடன் வாசிக்கும் நண்பர். விற்றுவிட்டு வேறு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நண்பர் உங்கள் பணத்தைச் செலவழிக்க ரொம்ப அவசரப்படுகிறார். மேப்பிள், பர்ச், பாப்ளர் என்று மரத்துக்கு மரம் வித்தியாசம் உண்டுதான், ஆனால் அட்டைப்பெட்டிச் சத்தத்துக்கு மரம் காரணமாக இருப்பது அபூர்வம். மேல்தோல், கீழ்த்தோல், அவை உட்காரும் மர விளிம்பு, இந்த மூன்றும் ஒழுங்காக இருந்தால் பாப்ளரும் பாடும். (தோல் என்பது பழக்கத்தில் சொல்வது. 1950களின் கடைசியில் பாலியெஸ்டர் படலம் வந்த பிறகு கிட்டில் ஆட்டுத்தோலும் கன்றுத்தோலும் ஏறக்குறைய மறைந்தே போயின.)

கடையில் நீங்கள் வாசித்தது யாரோ சுருதி சேர்த்து வைத்திருந்த கிட். உங்கள் வீட்டுக்கு வந்தது பெட்டியில் தளர்வாகப் போட்டு அனுப்பிய கிட். வித்தியாசம் பெரும்பாலும் அவ்வளவுதான்.

ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, இருப்பதிலேயே சின்ன டாமை ஸ்டாண்டிலிருந்து கழற்றுங்கள். மேல்தோலை எடுத்துவிட்டு மர விளிம்பை உலர்ந்த துணியால் சுற்றிலும் துடையுங்கள், புது டிரம்மில்கூட மரத்தூள் ஒட்டியிருக்கும். தோலையும் அதை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தையும் திரும்ப வைத்து, போல்ட்டுகளை முதலில் விரலாலேயே, இதற்கு மேல் விரல் ஓடாது என்கிற வரை முறுக்குங்கள். அப்புறம்தான் போல்ட்டை முறுக்கும் டிரம் சாவி. வரிசையாகச் சுற்றி வராமல் ஒன்றை முறுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரில் இருப்பது, ஒவ்வொன்றுக்கும் அரைச் சுற்று. சுருக்கம் மறையும் வரை இப்படியே போங்கள். நடுவில் உள்ளங்கையை வைத்து ஒருமுறை அழுத்துங்கள், பசை நெரியும் சத்தம் சில தோல்களில் கேட்கும், பயப்பட வேண்டாம், உடைந்துவிடாது. அழுத்திய பிறகு கொஞ்சம் தளரும், கால் சுற்று ஏற்றிக்கொள்ளுங்கள்.

காதுக்கு வேலை இனிமேல்தான். டிரம்மைக் கம்பளத்தில் வைத்தால் கீழ்த்தோல் வாய் மூடிக்கொள்ளும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உள்ளே குச்சியின் நுனியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒன்று மட்டும் தாழ்ந்து கேட்கும், அதை ஏற்றுங்கள். ஒன்று உயர்ந்து கேட்டால் நேராக இறக்கி நிறுத்தாதீர்கள், வேண்டிய சுருதிக்குக் கீழே இறக்கி அங்கிருந்து ஏற்றி வந்து நிறுத்துங்கள், அப்போதுதான் நிற்கும். பிறகு திருப்பிப் போட்டுக் கீழ்த்தோலுக்கும் இதே வேலை. கிட் வாங்கி வருடக்கணக்கில் கீழ்த்தோல் பக்கம் சாவியையே கொண்டு போகாதவர்களை எனக்குத் தெரியும், நீங்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தால் அட்டைப்பெட்டி அங்கேதான் இருக்கிறது. இரண்டு தோலும் ஒரே சுருதியில் இருந்தால் நாதம் நீளும், கீழ்த்தோலைக் கொஞ்சம் உயர்த்தினால் சத்தம் சுருங்கி உருண்டையாக வரும். எது பிடிக்கிறதோ அது.

இவ்வளவுக்கும் பிறகு திருப்தியில்லை என்றால் தோலை மாற்றுங்கள், கிட்டை அல்ல. முதலில் டாம்களுக்கு மேல்தோல் மட்டும் வாங்கினால் போதும். ரெமோ அம்பாசடர், எவான்ஸ் ஜி1 போன்றவை 10 மில் கனத்தில் ஒற்றைப் படலம் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), திறந்த, நீண்ட சத்தம் தரும். எம்பெரர், ஜி2 வகை 7 மில்லில் இரட்டைப் படலம், கொஞ்சம் அடக்கமான சத்தம், பலமாக அடிப்பவர்களுக்கு நாள்படத் தாங்கும். அளவு எடுக்கும்போது மர உருளையின் விட்டத்தை அளங்கள். வளையத்தோடு சேர்த்து அளந்துவிட்டுத் தவறான அளவு வாங்கித் திருப்பித் தர அலைபவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: டாமைத் தொட்டாலே ஸ்நேர் (அடியில் கம்பிச்சுருள் கொண்ட டிரம்) சரசரக்கிறது. குறையுள்ள பொருள் என்று திருப்பிக் கொடுக்க முடியுமா?

பதில்: முடியாது, ஏனென்றால் அது குறை இல்லை. வெறும் 3 மில் கனமுள்ள கீழ்த்தோலை உரசிக்கொண்டு கம்பிச்சுருள்கள் கிடக்கின்றன, பக்கத்தில் யார் பேசினாலும் அவை பதில் சொல்லத்தான் செய்யும். முற்றிலும் போகாது, குறைக்கலாம். சரசரப்பைக் கிளப்புகிற டாமின் சுருதியைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். மீதிக்கு, ஸ்நேரின் கீழ்ப்பக்கத்தில் கம்பி முடியும் இரண்டு முனைகளின் இருபுறமும் உள்ள நான்கு போல்ட்டுகளைச் சற்றே தளர்த்துங்கள். கோபத்தில் கம்பியை இழுத்து முறுக்கிவிடாதீர்கள், ஸ்நேர் மூச்சு முட்டிப்போய் வெறும் தகர டப்பாவாகிவிடும். கம்பியைத் தோலிலிருந்து விலக்கும் லிவரைத் தள்ளிய பிறகும் கம்பி விலகவில்லை, அல்லது லிவர் தானாகக் கழன்று விழுகிறது என்றால் அது குறை. அப்போது தாராளமாகத் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: "ஷெல் பேக்" என்று போட்டிருந்ததை முழு கிட் என்று நினைத்து ஆர்டர் செய்துவிட்டேன். பெட்டியில் சிம்பலும் (உலோகத் தட்டு) இல்லை, ஸ்டாண்டும் இல்லை. ஏமாற்றா?

பதில்: ஏமாற்று இல்லை, படிக்காமல் விட்டது. ஷெல் பேக் என்றால் டிரம்கள் மட்டும், சிலவற்றில் ஸ்நேர்கூட இருக்காது. "ஐந்து பீஸ்" என்று எண்ணுவதிலும் சிம்பல் சேராது. விளம்பரப் படத்தில் சிம்பலையும் மாட்டி வைத்துப் படம் எடுத்திருந்தால் அதைக் காட்டிச் சண்டை போடலாம். பெட்டியைப் பிரித்ததோடு நிறுத்தியிருந்தால், எதையும் மாட்டாமல் இன்றே திருப்பிக் கொடுப்பது பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: பழைய கிட் ஒன்று விலைக்கு வருகிறது. நேரில் பார்க்கப் போகிறேன். எதைப் பார்ப்பது?

பதில்: டிரம் சாவி, டார்ச், அளவு நாடா மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். விற்பவர் ஒரு தோலையாவது கழற்ற விடவில்லை என்றால் அங்கேயே வணக்கம் சொல்லிவிடுங்கள். இதைப் பட்டுத்தான் சொல்கிறேன். பளபளவென்று இருந்த கிட் ஒன்றைத் தோலைக் கழற்றாமலே வாங்கி வந்தேன், ஃபுளோர் டாம் (தரையில் நிற்கும் பெரிய டாம்) மட்டும் எவ்வளவு முறுக்கினாலும் ஒரே இடத்தில் உளறியது. ஒரு மாதம் கழித்துப் பிரித்தால், விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம். எப்போதோ கீழே விழுந்திருக்கிறது, வளையம் அதை மறைத்திருக்கிறது.

ஆகவே விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். முடிந்தால் உருளையைச் சமமான கல் மேடையில் கவிழ்த்து, உள்ளே டார்ச் அடித்து, அடியில் எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று குனிந்து பாருங்கள். விட்டத்தை மூன்று, நான்கு திசைகளில் அளங்கள், எல்லாம் ஒன்றாக வந்தால்தான் உருளை வட்டம். போல்ட்டுகள் எல்லாம் வழுக்காமல் ஓடுகின்றனவா, ஸ்டாண்டு மூட்டுகள் இறுகி நிற்கின்றனவா, பெடல் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடுகிறதா, இவற்றையும் கையால் பார்த்துவிடுங்கள். வெளிப்பூச்சில் கீறல் இருந்தால் விலை பேச உதவும், அவ்வளவுதான். தோல் குழிந்திருந்தாலும் கவலையில்லை, அது எப்படியும் மாற்றுகிற சாமான்.

சிம்பல்களைத் தனியாகக் கவனியுங்கள். டிரம்மைச் சுருதி சேர்க்கலாம், சிம்பலைச் சேர்க்க முடியாது, வாங்கும்போது எப்படி ஒலித்ததோ கடைசிவரை அப்படித்தான். ஆரம்ப நிலை கிட்டுகளோடு வருவது பெரும்பாலும் பித்தளை. பி8 என்றால் 8 சதவீதம் வெள்ளீயம் கலந்த வெண்கலம், பி20 என்றால் 20 சதவீதம். கையிருப்பு குறைவு என்றால், சுமாரான டிரம்மும் நல்ல சிம்பலும் வாங்குங்கள், எதிர்மாறாக வாங்காதீர்கள்.

கேள்வி: வாங்கி ஐந்தே மாதத்தில் 16 அங்குல கிராஷ் சிம்பலில் விரிசல். வாரண்டி கேட்டால் "நீங்கள் அடித்த விதம் தப்பு" என்கிறார்கள். நியாயமா?

பதில்: விரிசல் எங்கே தொடங்குகிறது என்று நீங்கள் எழுதவில்லை, விஷயமே அதில்தான் இருக்கிறது. நடு ஓட்டையிலிருந்து கிளம்பியிருந்தால், அல்லது ஓட்டை ஒரு பக்கமாகத் தேய்ந்து சாவித்துவாரம் போல நீண்டிருந்தால், ஸ்டாண்டின் கம்பி மேல் மாட்டும் பிளாஸ்டிக் குழாய் இல்லாமல் வாசித்திருக்கிறீர்கள். உலோகத்தின் மேல் உலோகம் உரசியிருக்கிறது, வாரண்டி கிடைப்பது கஷ்டம். ஆனால் அந்தக் குழாய் இல்லாமல் ஸ்டாண்டை விற்றது அதே கடை என்றால் அதைச் சொல்லிக் கேளுங்கள். ஓரத்தில் கிளம்பியிருந்தால் வழக்கமான காரணம் இரண்டு: விங் நட்டை இறுக்கி சிம்பலை ஆட விடாமல் வைத்திருப்பது, ஓரத்தில் குச்சியைச் செங்குத்தாக இறக்குவது. இந்த இரண்டு இடமும் இல்லாமல், அடி படாத உடல் பகுதியில் விரிசல் விட்டிருந்தால் வார்ப்புக் குறை என்று வாதாட இடம் உண்டு. அருகில் வைத்துப் படம் எடுத்து, பில்லோடு தயாரிப்பாளருக்கு நேரடியாக எழுதுங்கள். அதுவரை விரிசல் நுனியில் துளை போட்டு நிறுத்தும் வைத்தியத்தைச் செய்யாதீர்கள், துளை போட்ட சிம்பலை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள்.

கேள்வி: அக்கம்பக்கத்துத் தொந்தரவுக்கு பேஸ் டிரம்முக்குள் தலையணை வைத்தால் போதுமா?

பதில்: போதாது. அது பேஸ் டிரம்மின் அதிர்வை அடக்கும், ஸ்நேரும் சிம்பலும் சுவரைத் தாண்டிப் போய்க்கொண்டேதான் இருக்கும். சத்தம் குறைவாகத் தரும் வலைத்தோலும் துளையிட்ட குறை ஒலி சிம்பலும் வாங்குங்கள். காது அடைப்பானை முதலில் வாங்குங்கள், டிரம்ஸ் 100 டெசிபலைச் சுலபமாகத் தாண்டும், அந்த அளவில் காதுக்கு ஒரு நாளைக்குப் பாதுகாப்பான நேரம் 15 நிமிடம்தான்.

கேள்வி: 11 வயது மகளுக்கு முழு அளவு கிட் வாங்கினோம். அரை மணி நேரத்தில் முதுகு வலி என்கிறாள். சிறுவர் கிட்டாக மாற்றிவிடலாமா சார்?

பதில்: முதலில் இருக்கையை மாற்றிப் பாருங்கள். கிட்டோடு இலவசமாக வந்த முக்காலி என்றால் அதைத்தான் நான் சந்தேகப்படுவேன். எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு வெறும் இருக்கையில் மகளை உட்கார வையுங்கள். பாதம் தரையில் முழுதாகப் படிய வேண்டும், தொடை இடுப்பிலிருந்து முழங்காலுக்குச் சற்றே சரிந்து இறங்க வேண்டும். பாதம் எங்கே இயல்பாக விழுகிறதோ அங்கே பேஸ் டிரம் பெடலையும் ஹை-ஹாட்டையும் (காலால் மூடித் திறக்கும் சிம்பல் ஜோடி) கொண்டு வாருங்கள், அவற்றை நோக்கி அவள் போகக் கூடாது. பிறகு ஸ்நேர், தொடைக்குச் சற்று மேலே, குச்சி வளையத்தில் இடிக்காத உயரத்தில். டாம்களைக் கடைசியில் வைத்து, குச்சி தட்டையாக விழும் அளவுக்கு லேசாகச் சாயுங்கள். செங்குத்தாக நிறுத்தினால் குச்சி தோலைக் குத்தும். பேஸ் டிரம் 22 அங்குலம் என்றால் அதன் மேல் உட்காரும் டாம் அவளுக்கு எட்டாமல் போகலாம், அப்படியானால் ஒரு டாமைக் கழற்றி வைத்துவிடுங்கள், நான்கு டிரம்மில் வாசிக்க முடியாதது எதுவும் அவளுக்கு இப்போதைக்கு வராது. இதெல்லாம் செய்தும் பெடலுக்குக் கால் எட்டவில்லை என்றால் மட்டும் சின்ன கிட்.

அப்புறம், எல்லாம் சரியாக அமைந்த அன்று ஸ்டாண்டு கால்கள் நிற்கும் இடங்களைக் கம்பளத்தில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள், தள்ளி வைத்துத் தரை துடைத்த அடுத்த நாள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.