தூக்கும் நேரத்தில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 59. வங்கிப் பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று, காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் பூர்வீக வீட்டில் மனைவியுடனும் என்னைப் பெற்ற ஆத்தாவுடனும் வசிக்கிறேன். ஆத்தாவுக்கு 82 வயது, 68 கிலோ எடை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. சிங்கப்பூரில் இருக்கும் என் மகன் பணம் அனுப்பி, நோயாளியைத் தூக்கி உட்கார வைக்கும் ஹாய்ஸ்ட் ஒன்றை நான்கு மாதங்களுக்கு முன் வாங்க வைத்தான். என் மனைவியும் வேலைக்கு வரும் பெண்ணும் ஆத்தாவை அதில் ஏற்றி, வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் இருக்கும் குளியலறைவரை தள்ளிக்கொண்டு போகிறார்கள். கருவியில் தொங்கும் ஸ்லிங் என்ற துணித் தொட்டிலில் வைத்து உயர்த்தியதுமே ஆத்தா அலறத் தொடங்கிவிடுகிறார். பார்க்க மனம் தாங்காமல் நான் முகப்புக்குப் போய்விடுவேன். போன வாரம் நிலைப்படியைத் தாண்டும்போது கருவி ஒரு பக்கமாகச் சாய்ந்து, நல்லவேளையாகத் தூணில் முட்டி நின்றது. மனைவிக்கு ஏற்கெனவே முதுகுத்தட்டு விலகல் உண்டு. இதைவிட உயர்ந்த ரகக் கருவி வாங்கலாமா, தேக்கு உத்தரத்தில் சங்கிலி மாட்டித் தூக்கலாமா, அல்லது பழையபடி இரண்டு ஆண்களை வைத்துக் கைகளாலேயே தூக்கிவிடலாமா?

பதில்: இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. ஊர் மாறும், நோய் மாறும், கருவியின் விலை மாறும். கேள்வி மட்டும் கருவியைப் பற்றியதாகவே இருக்கும். உங்களுடைய மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன், போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரியில் நான் நிற்க வேண்டியிருக்கிறது. “பார்க்க மனம் தாங்காமல் நான் முகப்புக்குப் போய்விடுவேன்” என்று எழுதியிருக்கிறீர்கள்.

காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை என்று குறைத்துக் கணக்கிட்டாலும், இந்த நான்கு மாதங்களில் இருநூறு முறைக்கு மேல் நீங்கள் முகப்புக்குப் போயிருக்கிறீர்கள். உங்கள் மனம் தாங்காததை, தட்டு விலகிய உங்கள் மனைவியின் முதுகு அத்தனை முறையும் தாங்கியிருக்கிறது. மனம் தாங்கவில்லை என்று சொல்லி விலகிக்கொள்ளும் உரிமை அந்த வீட்டில் உங்களுக்கு மட்டும் யார் கொடுத்தது? மருமகளுக்கும், மாதச் சம்பளத்துக்கு வரும் அந்தப் பெண்ணுக்கும் மனம் இல்லையா? பெற்ற தாயின் அலறல் காதில் விழாத தூரத்துக்கு மகன் போய் நிற்பதைப் பாசம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

இதை அறநெறி பேசுவதற்காக மட்டும் நான் எழுதவில்லை. உங்கள் ஆத்தா அலறுவதற்கும், கருவி சாய்ந்ததற்கும், நீங்கள் அந்த இடத்தில் இல்லாததற்கும் நேரடியான தொடர்பு இருக்கிறது. உடலின் வலப்பக்கம் விழுந்தால் பாதிப்பு மூளையின் இடப்பக்கத்தில் என்று பொருள். பெரும்பாலானவர்களுக்குப் பேச்சைக் கட்டுப்படுத்தும் பகுதியும் அங்கேதான் இருக்கிறது. அதனால் ஆத்தாவுக்கு வலி தெரியும், பயம் தெரியும், அந்தரத்தில் தொங்குவதும் தெரியும். ஆனால் “நிறுத்து” என்ற ஒரு சொல்லைச் சொல்ல முடியாது. அவரிடம் மிச்சமிருப்பது முகமும் இடது கையும் அந்த அலறலும்தான். இப்போது உங்கள் வீட்டில் ஒருவர் கருவியைத் தள்ளுகிறார், இன்னொருவர் ரிமோட்டை அழுத்திக்கொண்டே கதவு நிலையைப் பார்க்கிறார். ஆத்தாவின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. இத்தகைய கருவிகளை இரண்டு பேர் சேர்ந்தே கையாள வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்: ஒருவர் கருவியைப் பார்க்க வேண்டும், மற்றவர் தூக்கப்படுகிறவரை மட்டுமே பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது ஆள் நீங்கள்தான்.

முகத்தைப் பார்த்து நிற்பவருக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். தொடைக்கு அடியில் போகும் ஸ்லிங் பட்டை மடிந்து, வயதான தோலைக் கிள்ளிக்கொண்டிருப்பது தெரியும். விழுந்துபோன வலது கை ஸ்லிங்கின் ஓரத்தில் மாட்டிப் பின்பக்கமாக இழுபடுவது தெரியும். பக்கவாதத்தில் அந்தப் பக்கத்துத் தோள்மூட்டைப் பிடித்து வைக்கும் தசைகள் தளர்ந்திருக்கும், சின்ன இழுப்பிலேயே மூட்டு நழுவிக் கடும் வலி கொடுக்கும். பட்டைகளை மாட்டும் குறுக்குக் கம்பி முகத்தை நோக்கி இறங்கி வருவது தெரியும். இவற்றில் ஒன்று இருந்தாலே யாராக இருந்தாலும் அலறுவார்கள். ஆத்தா அலறுவதை நோயின் குணம் என்று நீங்கள் எல்லோரும் முடிவு கட்டிவிட்டீர்கள். எனக்கு அது அவர் சொல்லும் புகாராகவே தோன்றுகிறது.

ஆகவே நாளையிலிருந்து செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில், ஆத்தா படுத்திருக்கும்போதே பகல் வெளிச்சத்தில் ஸ்லிங்கை விரித்து, தையல் பிரிந்திருக்கிறதா, பட்டைகளின் ஓரம் நைந்திருக்கிறதா, எடை வரம்பும் அளவும் அச்சிட்ட சீட்டு இன்னும் படிக்கும்படி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். சீட்டு அழிந்துபோன ஸ்லிங்கும் தையல் விட்ட ஸ்லிங்கும் ஒன்றுதான். இரண்டையும் பயன்படுத்தக் கூடாது. வேலைக்கு வரும் பெண் அதை பிளீச்சிங் போட்டு வெளுத்துக்கொண்டிருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள், அது நூலின் பலத்தைத் தின்றுவிடும். உங்களிடம் இருப்பது இடுப்புப் பகுதி திறந்து, கழிப்பறைக்கென்று தைத்த ஸ்லிங் என்றால் அது உங்கள் ஆத்தாவுக்கு ஆகாது; தன் உடம்பைத் தானே நிமிர்த்திப் பிடிக்க முடிந்தவர்களுக்குத்தான் அது. ஒரு பக்கம் விழுந்தவர் அதிலிருந்து வழுகிக் கீழே வந்துவிடுவார். தலைவரை தாங்கும் முழு உடல் ஸ்லிங்தான் அவருக்கு வேண்டும், அதுவும் அவருடைய எடைக்கு மட்டுமல்லாமல் உயரத்துக்கும் தொடையின் பருமனுக்கும் பொருந்தும் அளவில். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., இத்தகைய கருவிகளிலிருந்து விழுந்தவர்களுக்குத் தலைக்காயமும் எலும்பு முறிவும் மரணமும்கூட நேர்ந்திருப்பதாக எச்சரித்திருக்கிறது. கருவிக்கும் ஆளுக்கும் பொருந்தும் ஸ்லிங்தானா என்று பார்ப்பது அங்கே முதல் பாடங்களில் ஒன்று.

பிறகு ஆத்தாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையிலிருந்து முதுகுத்தண்டின் அடிவரை ஸ்லிங் சுருக்கமில்லாமல் வரும்படி விரித்து, மறுபக்கம் புரட்டி இழுத்து விடுங்கள். கால் பட்டைகளைத் தொடைக்கு அடியில் கையால் தடவி மடிப்பெடுத்துக் கொண்டுவந்து, ஒன்றை மற்றொன்றின் வழியாக நுழைத்துக் குறுக்காக மாட்டுங்கள். தோள் பக்கத்தில் குட்டையான வளையமும் கால் பக்கத்தில் நீளமான வளையமும் மாட்டினால் நிமிர்ந்து உட்காரும் நிலை கிடைக்கும். எதை மாட்டினாலும் இடத்துக்கும் வலத்துக்கும் ஒரே நிற வளையமாக இருக்க வேண்டும். இரண்டு கைகளையும் மடியின்மேல் வைத்துவிடுங்கள். கருவியின் கால்களைக் கட்டிலுக்கு அடியில் அகல விரித்தபின் உயர்த்தத் தொடங்கி, பட்டைகள் விறைத்ததும், உடம்பு மெத்தையை விட்டு எழும்புவதற்கு முன்பே நிறுத்தி, வளையங்கள் அத்தனையும் கொக்கியில் முழுதாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று கைவைத்துப் பாருங்கள். அந்த நிறுத்தம்தான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். அதன்பின் மெத்தையைத் தொடாத உயரத்துக்கு மட்டும் தூக்கினால் போதும்.

கட்டிலின் சக்கரங்களும் சக்கர நாற்காலியின் பிரேக்கும் பூட்டியிருக்க வேண்டும். ஆனால் தூக்கும்போது ஹாய்ஸ்டின் பிரேக்கைத் திறந்தே விடச் சொல்கிறார்கள் பெரும்பாலான உற்பத்தியாளர்கள், ஏனென்றால் எடை ஏறும்போது கருவி தானாக நகர்ந்து சமநிலைக்கு வர வேண்டும். உங்கள் கருவியின் கையேடு என்ன சொல்கிறது என்று படித்துவிடுங்கள். கையேடு இன்னும் பிளாஸ்டிக் உறையோடு அலமாரியில்தான் இருக்கும் என்பது என் அனுமானம். மின்சாரம் போனாலும் பேட்டரி தீர்ந்தாலும் ஆளைக் கீழே இறக்கும் அவசர விசை எங்கே இருக்கிறது என்பதையும் அதிலேயே பார்த்துக்கொண்டு, ஆள் இல்லாமல் ஒருமுறை இயக்கிப் பாருங்கள்.

இத்தனையும் நடக்கும்போது உங்கள் இடம் ஆத்தாவுக்கு எதிரே, அவர் பார்வை விழும் பக்கத்தில். “ஆத்தா, இப்போது திருப்பப் போகிறோம்”, “இப்போது மேலே போகப் போகிறது” என்று ஒவ்வோர் அசைவுக்கும் முன்னால் சொல்லுங்கள். பேச்சு போனவருக்கு, நாம் சொல்வது ஓரளவு புரிவதுண்டு. நாம்தான் அவரிடம் பேசுவதை நிறுத்திவிடுகிறோம். முகம் சுளித்தால் கருவியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உங்களுடையது.

இனி அந்த நிலைப்படி. நடமாடும் ஹாய்ஸ்ட் ஒரு வண்டி அல்ல. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு என்று ஒரே அறைக்குள் சில அடி தூரம் மாற்றுவதற்காக மட்டுமே அது செய்யப்பட்டது. ஊரே வந்து இறங்கும் திருமணத்துக்கென்று கட்டிய நம் செட்டிநாட்டு வீடுகளில் பட்டாலை என்னும் கூடத்துக்கு ஒரு படி, வளவு என்னும் முற்றத்துக்கு ஒரு இறக்கம், கட்டுக்குக் கட்டு உயர்ந்த நிலை என்று வழி முழுதும் ஏற்ற இறக்கம்தான். 68 கிலோ உடம்பு அந்தரத்தில் ஆடிக்கொண்டிருக்க, உள்ளங்கையளவுச் சக்கரம் நிலைப்படியில் தட்டினால் கருவி சாயாமல் என்ன செய்யும்? தூண் இல்லாத இடமாக இருந்திருந்தால் இந்தக் கடிதத்தில் நீங்கள் வேறு கேள்வி கேட்டிருப்பீர்கள். ஆள் தொங்கும் கருவி இனி ஒரு நிலையையும் தாண்டக் கூடாது. அறைக்குள்ளேயே, கழிப்பறைப் பீடத்தின்மேல் தள்ளி நிறுத்தக்கூடிய கமோடு சக்கர நாற்காலியில் இறக்கி, பட்டை கட்டி, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போங்கள். படிகளுக்கு ஆசாரியிடம் சொல்லி மரச் சாய்தளம் செய்துகொள்ளலாம். உயரம் ஒரு பங்கென்றால் நீளம் பன்னிரண்டு பங்கு இருக்க வேண்டும். 10 சென்டிமீட்டர் படிக்கு 120 சென்டிமீட்டர், 15 சென்டிமீட்டர் படிக்கு 180. நிலையின் இரு பக்கமும் வேண்டும். எடுத்து மாட்டும்படி செய்தால் வீட்டில் நிரந்தர மாற்றம் எதுவும் இல்லை, பூர்வீக வீட்டில் பங்குள்ள பங்காளிகளிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை சக்கரத்துக்கு நல்லதுதான், ஆனால் ஈரமானால் தள்ளுகிறவரின் கால் வழுக்கும், துடைத்துவிட்டுத் தள்ளுங்கள்.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். உயர்ந்த ரகக் கருவி வேண்டாம். அதற்கும் இரண்டு ஆள் வேண்டும். உத்தரத்தில் சங்கிலி மாட்டும் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். பர்மா தேக்கு தாங்கக்கூடும். ஆனால் சரக்கு ஏற்றும் கொக்கியும் சங்கிலியும் மனிதரைத் தூக்கச் சான்று பெற்றவை அல்ல. ஆண்களைக் கொண்டு அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது மூன்றிலும் மோசமானது. நான் மேலே சொன்ன அந்தத் தளர்ந்த தோள்மூட்டைப் பிய்ப்பதற்கு அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. தூக்குகிறவருக்கும் நல்லதல்ல: நோயாளியைக் கையால் தூக்குவதில் ஒருவருக்கு 35 பவுண்டு, அதாவது சுமார் 16 கிலோதான் வரம்பு என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2007-இல் வகுத்தார்கள், அதுவும் எல்லாம் தோதாக அமைந்தால்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் நான் சொல்லிவிட வேண்டும். மனம் தாங்காதது பாதிதான், மீதி கூச்சம். தாயின் உடம்பை மகன் பார்க்கலாமா என்ற தயக்கம் நம் ஊரில் இருக்கிறது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு ஒரு பருத்தித் துண்டு போதும். ஸ்லிங் மாட்டுவதற்கு முன் மார்பிலிருந்து முழங்கால்வரை போர்த்திவிட்டால் அவர் மானமும் காப்பாற்றப்படும், உங்கள் கூச்சமும் தீரும். குளிப்பாட்டுவதையும் உடை மாற்றுவதையும் பெண்கள் செய்யட்டும். தூக்கும் நேரத்தில் நீங்கள் இருங்கள். நாற்காலியில் இறக்கியதும் ஸ்லிங்கை உருவி எடுத்துவிடுங்கள், உட்கார்ந்தே இருப்பதற்கென்று தைத்தது அல்லாவிட்டால் நம் வெயிலில் வியர்த்துப் படுக்கைப்புண்ணுக்கு அதுவே வித்தாகும்.

உங்கள் மனைவியை முதலில் எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அவர் நலமாகும்வரை புரட்டுவதும் தள்ளுவதும் உங்கள் கையும் அந்தப் பெண்ணின் கையும்தான். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வர வேண்டும் என்று பதிவு செய்யுங்கள். அவர் வரும் நாளில் உங்கள் முன்னிலையில் செய்து காட்டச் சொல்லி, உங்கள் கையாலேயே செய்து கற்றுக்கொள்ளுங்கள். முடிந்தால் ஆத்தாவை ஏற்றுவதற்கு முன் நீங்கள் ஒருமுறை அந்த ஸ்லிங்கில் உட்கார்ந்து மேலே போய்ப் பாருங்கள்.

மகன் ஊருக்கு வரும்போது அவனையும் கட்டிலருகே நிறுத்தி இதைப் பழக்குங்கள். பணம் அனுப்பியதோடு தன் பங்கு முடிந்தது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தால், அந்த நினைப்பை அவன் எங்கிருந்து கற்றான் என்பது உங்களுக்குத் தெரியும். நிலைப்படிக்கு மரச் சாய்தளம் தயாராகும்வரை, ஆத்தாவுக்கு அறையிலேயே பெட்பேன் வைத்து, ஈரத்துணியால் உடம்பு துடைத்துவிடச் சொல்லுங்கள். குளியல் ஒரு வாரம் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகிவிடாது.