மாஸ்டர் பதில்கள்: எந்தப் புலி–கொக்கு அசல்?

கேள்வி: என் மகன் ராமநாதபுரத்தில் ஹுங் கார் குங்ஃபூ படிக்கிறான். புலி–கொக்கு ஃபார்ம் (வரிசையாகச் செய்யும் அசைவுகளின் தொகுப்பு) வரை வந்துவிட்டான். அதையே யூடியூபில் தேடினால் நாலு பேர் நாலு விதமாகச் செய்கிறார்கள். அவன் வாப்பா, “எல்லாம் சினிமா பார்த்துக் கட்டிவிட்டது” என்கிறார். தரத்தை எப்படிப் பார்ப்பது மாஸ்டர்?
– ஒரு தாய், கீழக்கரை

பதில்: நாலு விதமாக இருக்கிறது என்பதற்காகப் போலி என்று சொல்லிவிட முடியாது, தங்கச்சி. இந்த ஃபார்ம் தென்சீனாவின் குவாங்டாங் மாகாணத்து குங்ஃபூ ஆசான் வோங் ஃபெய் ஹுங் வழியாக நமக்கு வந்தது. அவருடைய சீடர் லாம் சாய் விங் அதைப் படங்களோடு புத்தகமாகவே போட்டார். இன்னொரு சீடர் டாங் ஃபோங்குக்கும் தனிப் பரம்பரை உண்டு. கை உயரத்திலும் திருப்பத்திலும் வழிக்கு வழி சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். வோங் ஃபெய் ஹுங்கைப் பற்றிய முதல் படம் வந்ததே 1949-இல். மனிதர் 1920-களிலேயே காலமாகிவிட்டார். மகனின் வாப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், கொஞ்சம் இறங்கி வருவார்.

நான் முதலில் பார்ப்பது கால்களை. தென்சீனக் குங்ஃபூவில் பாதி வேலை இடுப்புக்குக் கீழேதான். கடற்கரையிலேயே இருக்கிறீர்கள், அதிகாலையில் அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணலில் பையனை இறக்குங்கள். புலி–கொக்கு வேண்டாம். அதற்கு முந்தைய பாடமான குங் ஜி ஃபுக் ஃபூவைச் செய்யச் சொல்லுங்கள். அந்த ஃபார்மில் கால் போகும் பாதை ஒரு சீன எழுத்தின் வடிவம்: மேலே ஒரு கிடைக்கோடு, கீழே ஒரு கிடைக்கோடு, நடுவில் இரண்டையும் சேர்க்கும் நேர்க்கோடு. முடித்துவிட்டு அவன் தள்ளி வந்ததும் அந்த வடிவம் மணலில் கிடக்க வேண்டும்.

பிறகு குனிந்து தடத்தைப் பாருங்கள். வில் நிலையில் (முன்முட்டியை மடக்கி, பின்காலை நீட்டி நிற்பது) பின்கால் குதிகால் பதியாமல் விரல் பக்கம் மட்டும் பதிந்திருந்தால், குத்து தோளிலிருந்து வருகிறது, தரையிலிருந்து வரவில்லை. குதிரை நிலைத் (இரண்டு காலையும் அகட்டி, முட்டி மடக்கி நிற்பது) தடத்தில் உள்பக்க விளிம்பு மட்டும் ஆழமாக இருந்தால் முட்டி உள்ளே சரிகிறது; இதை விட்டுவைத்தால் பின்னால் முட்டி வலிதான். திரும்பிய இடத்தில் மணல் வாரி இறைந்திருந்தால், எடையை மாற்றும் முன்பே காலை இழுக்கிறான். காய்ந்த மணலில் இந்தச் சோதனை வேண்டாம். அதில் யார் செய்தாலும் தடம் கண்றாவியாகத்தான் இருக்கும்.

அப்புறம் கை. புலி நகம் என்றால் விரலை விறைப்பாக விரித்துக் காட்டுவது இல்லை. விரல் கணுக்கள் மடிந்து, உள்ளங்கை முன்னால் தள்ளி, முழங்கை கீழ்நோக்கி இருக்க வேண்டும். கொக்குக்கு ஐந்து விரல் நுனியும் ஒன்று கூடும். புலி பிடித்து அமுக்கும், கொக்கு விலகிக் கொத்தும். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறுகிற இடத்தில் உடம்பும் மாறுகிறதா என்று கவனியுங்கள். இரண்டையும் ஒரே முறுக்கில், ஒரே வேகத்தில் செய்து முடிக்கிறவர் வரிசையை மனப்பாடம் செய்தவர், அவ்வளவுதான்.

நான் பினாங்கில் ஓட்டல் வேலை பார்த்த காலத்தில் படித்தது ஹொக்கியன் சீனர்களின் ஐந்து முன்னோர் பாணி. அதற்கு அடிப்படை சாம் சியன் என்கிற ஃபார்ம். என் சீஃபூ (ஆசான்) அதைக் கண்ணால் மட்டும் பார்த்து மார்க் போட மாட்டார். நிற்கும்போதே பின்னால் வந்து இரண்டு தோளையும் அமுக்குவார். தொடையில் பளாரென்று ஒன்று வைப்பார். நீட்டிய முன்கைமேல் தன் முன்கையை வைத்து, உடம்பு எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பார். தோள் மேலே ஏறினாலும் மூச்சு அடைபட்டாலும் மறுபடி முதலிலிருந்து. வாயில் இருக்கும் சுருட்டை அதற்காக அவர் எடுத்ததே கிடையாது. நீங்களும் மகனுடைய முன்கையில் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். தள்ளுவது அவன் பின்காலுக்குப் போய்ச் சேர்ந்தால் நல்லது. முழங்கையிலேயே மடங்கிவிட்டால் இன்னும் பல மாதப் பாக்கி இருக்கிறது.

கடைசியாக, ஏதாவது ஒரு அசைவைக் காட்டி “இது எதுக்கு?” என்று அவன் மாஸ்டரிடம் கேளுங்கள். ஒருவரை எதிரில் நிறுத்திச் செய்து காட்டினால் அவரை நம்பலாம். “அது ரகசியம்” என்றால் ஃபீஸ் கட்டும் முன் யோசியுங்கள். ஆரம்ப வணக்கத்தில் வரும் சில அசைவுகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. நம் சிலம்பத்து சலாம் வரிசையில் இல்லாததா?

கேள்வி: கல்லூரிப் போட்டிக்குப் போயிருந்தேன். நான்ச்சுவான் செய்தவர் காற்றில் சுழன்று குதித்து இறங்கினார். நான் படிக்கும் பாரம்பரிய ஃபார்மில் குதிப்பே கிடையாது. நம்முடையது மட்டமா?
– ஒரு மாணவர், தொண்டி

பதில்: தம்பி, நான்ச்சுவான் என்பது தென்சீனப் பாணிகளிலிருந்து எடுத்துப் போட்டிக்கென்று அமைத்தது. சர்வதேசப் போட்டியில் மொத்தம் 10 மதிப்பெண்: அசைவின் தரத்துக்கு 5, ஒட்டுமொத்த நிகழ்த்தலுக்கு 3, கடினத்துக்கு 2. அந்த 2-க்காகத்தான் இவ்வளவு குதிப்பு. குதித்து இறங்கி அசையாமல் நிற்பது சாமானியமான வேலை இல்லை, கைதட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த அளவுகோலைத் தூக்கிக்கொண்டு ஹுங் காரின் இரும்புக் கம்பி ஃபார்மிடம் போனால் பூஜ்யம்தான் கிடைக்கும். அதில் கால் பெரும்பாலும் இருந்த இடத்தில் இருக்கும். முன்கையின் முறுக்கு, மூச்சு, தொண்டையிலிருந்து வரும் சத்தம் இவற்றை வைத்துத்தான் தரம். முறுக்கு ஏறும்போதும் மூச்சு ஓடுகிறதா, முகம் சிவந்து கழுத்து நரம்பு புடைக்கிறதா என்று பாருங்கள். புடைத்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிறார். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் வீடியோ பார்த்து இதில் இறங்கவே கூடாது.

கேள்வி: எங்கள் மாஸ்டருக்கு அறுபது ஃபார்ம் தெரியுமாம். பெரிய ஆள்தானே?
– மண்டபம் வாசகர்

பதில்: இருக்கலாம். விங் சுன் என்கிற தென்சீனப் பாணியில் வெறுங்கை ஃபார்ம் மொத்தமே மூன்று. முதலாவதான சியு நிம் தாவில் ஓரடிகூட நகர்வதில்லை. ஹாங்காங்கில் இப் மான் என்ற ஆசான் அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் உலகமெல்லாம் பரவியது. உங்கள் மாஸ்டரிடம் அந்த அறுபதில் அவருக்குப் பிடித்த ஒன்றைக் கேளுங்கள்.

கேள்வி: எனக்குச் சிலம்பம் தெரியும். தென்சீனக் கம்பு ஃபார்மை நான் பார்த்து நல்லது கெட்டது சொல்ல முடியுமா, அண்ணே?
– தேவிபட்டினம் வாசகர்

பதில்: முடியும், ஆனால் முதலில் வீச்சைத் தேடுவதை விட வேண்டும். நமக்குக் கம்பின் இரண்டு முனையும் பேசும். அங்கே பெரும்பாலும் ஒரு முனைதான். விங் சுன்னின் ஆறரைப் புள்ளிக் கம்பு ஆளைவிட நீளம், அடி தடித்து நுனி மெலிந்தது. கனமும் அதிகம். பின்கை ஓரத்தைப் பிடித்து உடம்போடு ஒட்டியிருக்கும், முன்கை வழிகாட்டும். நுனி போடும் வட்டம் சின்னதாக இருக்க இருக்க ஆள் தேர்ந்தவர். குத்தி நிறுத்தும்போது நுனி சட்டென்று நின்று அதிர வேண்டும். குத்தியபின் நுனி தொங்கிப்போனால் இடுப்பு வேலை செய்யவில்லை, கை மட்டும் தூக்குகிறது. பிரம்புக்குப் பழகிய உங்கள் கை அந்தக் கட்டைக் கம்பை ஒரு தடவை நீட்டிப் பிடித்தாலே இது புரிந்துவிடும்.