பட்டி மூட்டையைப் பிரிக்காதீங்க! - வீட்டு வேலை கேள்வி பதில்

கேள்வி: பெட்ரூம் சுவத்துல கீழ ரெண்டு அடி உயரத்துக்கு பெயின்ட் உப்பி உப்பி வருது. தீபாவளிக்கு என் வீட்டுக்காரர் வீடியோ பாத்துட்டு, பெயின்டரே வேணாம்னு தானே பட்டி (பெயின்ட்டுக்கு முன்னாடி சுவத்தைச் சமமாக்கப் பூசுற மாவு) பாத்து பெயின்ட் அடிச்சாரு. வீடு பூரா தூசி, எங்க கறுப்பு நாய்க்குட்டியே வெள்ளையாயிடுச்சு. பொங்கலுக்குள்ள மறுபடி அப்பளம் மாதிரி உரியுது. இப்ப இன்னொரு மூட்டை பட்டியோட வந்து நிக்கிறாரு, என்ன சொல்றது? (வாசகி, மடிப்பாக்கம்)

பதில்: அந்த மூட்டையை இப்போதைக்குப் பிரிக்க வேணாம்னு சொல்லுங்கம்மா. அவர் வேலையில குறை இருக்குற மாதிரி தெரியல, கீழ மட்டும் உரியுதுன்னா அது ஓதம், யார் பெயின்ட் அடிச்சாலும் ஒரு மழைக்குத் தாங்காது. மண்ணுல இருக்குற ஈரத்தை செங்கல் மேல உறிஞ்சும், அந்தத் தண்ணி காயும்போது அதுல கரைஞ்சிருந்த உப்பு மட்டும் பெயின்ட்டுக்குப் பின்னாடி தங்கி வளந்து, பெயின்ட்டை வெளிய தள்ளும். தொட்டா விரல்ல வெள்ளைப் பொடி ஒட்டுதில்ல, அது அந்த உப்புதான்.

தண்ணி எங்கருந்து வருதுன்னு முதல்ல பாருங்க. சுவத்துக்குப் பின்னாடி பாத்ரூம் இருந்தா, ராத்திரி குழாய் எல்லாத்தையும் மூடிட்டு மாடி டேங்க்ல தண்ணி மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு வைங்க, காலைல இறங்கியிருந்தா எங்கயோ கசியுது. பின்னாடி வெளிப்பக்கம்னா மண்ணு எவ்வளவு உயரம் இருக்குன்னு பாருங்க. ரோடு மேல ரோடா போட்டு தெரு உசந்துக்கிட்டே போகுது, நாமளும் தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு வீட்டைச் சுத்தி மண்ணு கொட்டி உசத்திடறோம், வெளி மண்ணு உள்தரையை விட மேல இருந்தா சுவர் எப்படித்தான் காயும்? நினைச்சாலே மனசு கேக்க மாட்டேங்குது. அந்த மண்ணை வெட்டி எடுத்ததுலயே பாதிப் பிரச்சனை தீர்ந்த வீடுங்க இருக்கு.

அதைச் சரி பண்ணினதுக்கு அப்புறம், ஈரம் தெரியுற உயரத்துக்கு மேல இன்னும் ஒரு அடி சேத்து பூச்சைக் கொத்தி எடுங்க. செங்கல் மேல நிக்கிற உப்பை காஞ்ச பிரஷ்ஷால தட்டி விடணும், தண்ணி ஊத்திக் கழுவினா உப்பு திரும்ப உள்ளயே போயிடும். சித்திரை வைகாசி வெயில்ல நல்லா காய விட்டு, மறுபடி பூசி, அதுக்கு ஒரு 28 நாளாவது கொடுத்துட்டு அப்புறம் பட்டி. கொத்துற வேலையை உங்க வீட்டுக்காரர் தாராளமா செய்யலாம், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு. பூசுறதுக்கு மட்டும் கொத்தனாரைக் கூப்பிடுங்க.

கேள்வி: பாத்ரூம் டைல்ஸ் நானே ஒட்டலாம்னு இருக்கேன். கீழ் வீட்டுக்காரர் இப்பவே பயந்து போயிருக்காரு. (வாசகர், கோவை)

பதில்: அவர் பயம் நியாயம்தான் தம்பி. வாட்டர்ப்ரூஃபிங் அடிச்சு காஞ்சதும், டைல்ஸ் ஒட்ட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, தண்ணி போற ஓட்டையை அடைச்சு ரெண்டு இஞ்சுக்குத் தண்ணி தேக்கி 24 மணி நேரம் விடுங்க. கீழ் வீட்டு சீலிங்ல ஈரம் தெரியலன்னா வேலையை ஆரம்பிங்க, அவரையே கூட்டிட்டுப் போய் காட்டுங்க.

கேள்வி: பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா. பேரனோ பேத்தியோ வர்றதுக்குள்ள வீட்டை அழகு பண்றேன்னு இவங்க அப்பா, நாப்பது வருஷத்துப் பழைய ஜன்னலையெல்லாம் உப்புத்தாள் போட்டு தேய்ச்சுக்கிட்டு இருக்காரு. தும்மல் தாங்கல. (வாசகி, திருநெல்வேலி)

பதில்: இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க, கெஞ்சிக் கேக்கறேன். பெயின்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்துல 90 பங்குக்கு) மேல இருக்கக்கூடாதுங்கிற சட்டம் நம்ம நாட்டுல 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முந்தின எனாமல் பெயின்ட்ல, முக்கியமா மஞ்சள், சிவப்பு, பச்சையில, ஈயம் நிறைய இருந்திருக்கலாம். அந்தத் தூசி வயித்துல இருக்குற குழந்தையோட மூளையைப் பாதிக்கும். பொண்ணை சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க, அவளைச் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போகும்போது டாக்டர்கிட்டயும் விஷயத்தைச் சொல்லுங்க. தூசியை விளக்குமாறால பெருக்கவே கூடாது, ஈரத்துணியால துடைச்சு, அந்தத் துணியையும் கவர்ல கட்டிப் போட்டுடுங்க. ஜன்னல் வேலையை பிரசவம் முடிஞ்சு, தாயும் பிள்ளையும் ஊருக்குப் போனதுக்கு அப்புறம் பாத்துக்கலாம், அப்பவும் என்-95 மாஸ்க் போட்டு, வாட்டர் பேப்பர் வச்சு தண்ணி தொட்டுத்தான் தேய்க்கணும்.

கேள்வி: புது டிரில்லால ஷெல்ஃப் மாட்டப் பாத்தேன், ஒரு ஸ்க்ரூ கூட நிக்கல. மாமியார் ஒவ்வொரு ஓட்டை மேலயும் ஒரு சாமி காலண்டர் மாட்டிட்டாங்க, ஹால் கோயிலாயிடுச்சு. (வாசகர், திருச்சி)

பதில்: உங்க மாமியாருக்கு நல்ல மனசு சார், சத்தம் போடாம மறைச்சு விட்டிருக்காங்க! சுவத்துக்கு மேல அரை இஞ்சுக்கு வெறும் பூச்சுதான், ஸ்க்ரூவைப் பிடிச்சுக்கறதுக்கு ஓட்டைக்குள்ள சொருகுற பிளாஸ்டிக் பிளக் அதுலயே நின்னுட்டா வெயிட் வெச்சதும் பேத்துக்கிட்டு வந்துடும். 6 எம்எம் பிளக்குக்கு 6 எம்எம் பிட் போட்டு, பிளக் முழுசா செங்கலுக்குள்ள உக்கார்ற ஆழத்துக்கு பிட்ல டேப் ஒட்டி அடையாளம் வச்சுக்கோங்க. பிட் இறங்கவே மாட்டேங்குதுன்னா அங்க கான்கிரீட் இருக்கு, டிரில்லை ஹேமர் மோடுக்கு (இடிச்சுக்கிட்டே துளைக்கிற மோடு) மாத்துங்க. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் மட்டும் ஓட்டை போடவே போடாதீங்க, அந்த வழியாத்தான் ஒயர் பைப் போகும். வீட்டுல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிஞ்சா உடனே தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்) இல்லன்னா, எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அதை மாட்டிட்டு அப்புறமா டிரில்லை எடுங்க.