ஊசி கேட்கும் அப்பா

அன்புள்ள அண்ணா,

தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். பெங்களூரில் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்துப் பார்த்தும் கேட்கவில்லை. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். மாந்தோப்பு அடமானத்தில் இருக்கிறது. வலி மாத்திரை தீர்ந்தால் அடுத்த நடை பெங்களூர் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார். "ஒரு ஊசியப் போட்டு முடிச்சிடச் சொல்லுடா" என்கிறார். பிழைக்காது என்று தெரிந்த மாட்டுக்கு டாக்டர் ஊசி போடுகிறார். நெதர்லாந்தில் மனிதனுக்கும் உண்டாமே? வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து பட்டினி கிடந்து, உயிர்விட்ட கோப்பெருஞ்சோழனைப் போற்றும் நாம் இதற்கு மட்டும் ஏன் தயங்குகிறோம்? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

கோப்பெருஞ்சோழனை விட்டுவிடுங்கள். மகன்களோடு வந்த பகையில் மனம் வெறுத்து உட்கார்ந்தவன் அவன். மாத்திரை தீர்ந்து கிடந்தவன் இல்லை.

டாக்டரே மருந்து கொடுத்து உயிரை முடிப்பது இங்கே குற்றம். நெதர்லாந்தில் 2002 முதல் சட்டம் இருக்கிறது. அங்கும் இன்னொரு டாக்டர் தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். பயனில்லாத சிகிச்சையை நிறுத்துவது வேறு விஷயம். பல வருடம் நினைவில்லாமல் கிடந்த மும்பை நர்ஸ் அருணா ஷான்பாக் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு வழிவிட்டது. 2018-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாகச் சாவதும் வாழும் உரிமையில் சேர்ந்தது என்றது. வெண்டிலேட்டர் வேண்டாம், குழாய் வேண்டாம் என்று உங்கள் அப்பா சொன்னால் அது அவர் உரிமை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஊசிக்குத்தான் தயங்குகிறேன். மாடு தன் வைத்தியச் செலவைக் கணக்குப் பார்ப்பதில்லை. உங்கள் அப்பா பார்க்கிறார். தோப்பு அடமானம் போனது அவருக்குத் தெரியும். பெங்களூருக்கு வாடகைக் கார் எவ்வளவு கேட்கிறது என்பதும் தெரியும். அவர் சொல்லும் "முடிச்சிடு"வில் வலி எவ்வளவு, தோப்பு எவ்வளவு? எந்த டாக்டர் பிரித்துச் சொல்வார்?

நம் பக்கத்துக்கு இதில் ஒரு பழைய கணக்கும் உண்டு. பெண் குழந்தைக்குக் கள்ளிப்பால் கொடுத்தபோதும், "வளர்ந்து கஷ்டப்படாம போகட்டும்" என்று இரக்கமாகத்தான் பேசினார்கள். வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் விட்டுவிட 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு தர்மபுரிக்கும் வரவேண்டியிருந்தது. அதையெல்லாம் பார்த்த ஊரில், சாவதற்கு உதவும் சட்டம் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஊர் திருந்தும்வரை வலியில் கிடப்பவன் காத்திருக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். எந்த மருந்துக்கும் அடங்காத வலி சிலருக்கு உண்டு. அவர்கள் முன்னால் என் வாதம் நிற்காது. ஆனால் உங்கள் அப்பா அந்தச் சிலரில் ஒருவரா என்பதே இன்னும் தெரியாதே! கடிதத்தில் என்னை உலுக்கியது "மாத்திரை தீர்ந்தால்" என்ற இடம். அது மார்ஃபின் (அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்து) என்றால், சாதாரண மாத்திரையைப் பொதுவாக நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி ஏறிய பிறகு கொடுத்தால் எளிதில் அடங்காது. அதிக விலையும் கிடையாது. 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல இடங்களில் அதை வாங்கி வைக்கவே பயந்தார்கள். 2014-ல் சட்டத்தைத் திருத்திய பிறகும் அந்தப் பயம் முழுக்கப் போகவில்லை.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது நம் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதில் வீட்டுக்கே வந்து வலியைத் தணித்துப் பார்க்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் சேர்த்தி. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரைப் பதியுங்கள். மாத்திரை தர்மபுரி அரசு மருத்துவமனையில் கிடைக்குமா என்று கேளுங்கள். மாத்திரை தடையில்லாமல் கிடைத்து, வலி அடங்கிய ஒரு நாளில் அப்பாவிடம் மறுபடி பேசுங்கள். அப்போதும் அதையே சொன்னால் எனக்கு எழுதுங்கள், அப்புறம் வாதாடலாம்.

தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ உயிலையும் அப்போதே எழுதிவிடலாம். 2023-ல் நடைமுறையை எளிதாக்கிவிட்டார்கள். இரண்டு சாட்சியும் நோட்டரி கையெழுத்தும் போதும். அவருக்காக முடிவு சொல்ல வேண்டியவர் பெயரை அதில் எழுத வேண்டும். அக்கா தங்கை இருந்தால் அவர்கள் பெயரையும் சேருங்கள். மகன் மட்டும் முடிவெடுத்தால் பதினாறாம் நாளே வீட்டில் சண்டை வரும்.